36 வயது மகனுக்கு ஹோம் தேடுகிறோம்: எதை வைத்து நம்புவது?

உறையூர்க்காரர்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. திருச்சி. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு 66, வீட்டம்மாவுக்கு 62. ஒரே மகன், அவனுக்கு 36. அறிவுசார் குறைபாடு, மிதமானது என்று சான்றிதழில் போட்டிருக்கிறார்கள். கூடவே வலிப்பு உண்டு. இருபது, முப்பது வார்த்தை பேசுவான். தானே சாப்பிடுவான், சட்டை போட்டுக்கொள்வான், பட்டன் மட்டும் மாறிப்போகும். ஷேவ் பண்ணிவிட வேண்டும். குளிக்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

போன ஆவணியில் வீட்டம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். அந்த ஆறு வாரம் சமையல், அவளைப் பார்ப்பது, இவனைப் பார்ப்பது எல்லாம் என் ஒருவன் தலையில். ஒரு நாள் ராத்திரி அவனுக்கு ஃபிட்ஸ் வந்து கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான். என்னால் தூக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத்தான் தூக்கினேன். "எங்களுக்கப்புறம் யார்" என்று நாங்கள் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை, ஆனால் அந்த ராத்திரிதான் அதற்கு ஒரு தேதி வந்துவிட்டதுபோல் இருந்தது.

அவனைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹோம் தேடி, இதுவரை நாலு பார்த்தோம். முதல் இடத்தில் வாசலில் கிரானைட், மீன் தொட்டி, பிசியோதெரபி அறை முழுக்க புது மெஷின்கள். மெஷின்மேல் சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. காலை பதினோரு மணிக்கு "எல்லாரும் தூங்குறாங்க சார்" என்றார்கள். மூன்றாவது இடம் ஓட்டு வீடு. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. திண்ணையில் ஒரு அம்மாவும் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே உரித்தாள்.

வேலையில் இருந்தபோது சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இங்கே எதைத் தட்டிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராஜம்மாள்60

அய்யா, மனசு கஷ்டப்பட்டாலும் சொல்லிடறேன். என் மகளுக்கு 38. எங்க வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷமாச்சு. நான் ஒருத்தியாத்தான் பாத்துக்கறேன். ஹோம்ல விடற பேச்சுக்கே இடமில்லை. ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி என்ன நடந்துச்சு? 28 பேர் செத்தாங்க. கொட்டகையில தீப்பிடிச்சப்ப ஓட முடியாம சங்கிலியில கட்டிக் கிடந்தாங்க. அன்னிக்கு டிவில பாத்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகலை. பெத்த நம்மால முடியாததை சம்பளத்துக்கு வர்றவங்க செய்வாங்களா?

கொங்குத்தங்கை

ராஜம்மாள்மா, ஏர்வாடியில இருந்தவங்க மனநோய்க்காக தர்கா பக்கம் கொண்டுவந்து விடப்பட்டவங்க. நம்ம பிள்ளைங்க நிலை வேற. ஆனா உங்க பயம் நியாயமான பயம்தாங்க.

உறையூர் சார், எங்க அண்ணனுக்கு 41. அப்பா தவறுனப்புறம் ஏழு வருஷம் ஒரு ஹோம்ல இருந்தான், இப்ப ரெண்டு வருஷமா வேற இடம். பேர் சொல்ல விரும்பலை. முத ஹோம்ல நான் கவனிக்காம விட்டதைச் சொல்றேன், நீங்க கவனிச்சுக்குங்க.

அந்த ஹோம் வாசல்ல ஒரு கரும்பலகை. "இன்றைய உணவு வழங்குபவர்"னு தினமும் ஒரு பேர் எழுதியிருப்பாங்க. பிறந்தநாள், கல்யாண நாள், திதி, எல்லாத்துக்கும் யாராவது வருவாங்க. நல்ல மனசோடதான் வர்றாங்க, அதுல குத்தம் சொல்லலை. ஆனா ஒவ்வொரு நாளும் மத்தியானம் அத்தனை பேரையும் வரிசையா உக்கார வெச்சு, முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு கை தட்டி வாழ்த்துப் பாட வெச்சு, பிரேயர் சொல்ல வெச்சு, போட்டோ எடுத்து, அப்புறம்தான் இலை போடுவாங்க. பன்னண்டரைக்குப் பசிக்கிறவன் ஒண்ணே முக்கால் வரைக்கும் காத்திருக்கணும். வாரத்துல நாலு நாள் பிரியாணி, கேசரி, ஜாங்கிரி. எங்கண்ணனுக்கு நாப்பது வயசுக்குள்ள சர்க்கரை வந்துருச்சு. காய் என்ன போடுறீங்கன்னு கேட்டா, "வர்றவங்க என்ன கொடுக்கறாங்களோ அதுதான் மேடம்"னாங்க.

ஒரு தடவை சொல்லாம கொள்ளாம போனேன். வழக்கமா நான் போற ரெண்டாவது ஞாயித்துக்கிழமை இல்லாம, ஒரு புதன்கிழமை சாயங்காலம். அண்ணன் போட்டிருந்தது அவன் சட்டை இல்லை. தலை மொட்டை. "எல்லாருக்கும் ஒண்ணா அடிச்சுட்டோம், பேன் வராதுல்ல"ன்னாங்க. நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையை வேற ஒருத்தர் போட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சார். அவர்மேல எனக்கு என்ன கோபம் வரும். ஆனா எங்கண்ணன் அந்தச் சட்டையையே பாத்துட்டிருந்தான் சார். அவனுக்கு நீலம்னா உசுரு.

சொல்லாம போங்க. கிழமையை மாத்திப் போங்க. அதுதான் என்னோட சுத்தியல்.

நெல்லியடி

ஐயா வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இங்கிலாந்தில. அறிவுசார் குறைபாடு உள்ள வளந்த ஆக்கள் இருக்கிற வீடுகளில 11 வருசமா வேலை செய்யிறன். வெளிநாட்டில எல்லாம் திறம் எண்டு சொல்ல நான் வரேல்லை. இஞ்ச நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறன்.

பிரிஸ்டலுக்குக் கிட்ட ஹாம்புரூக்கில வின்டர்போர்ன் வியூ எண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. 24 பேருக்கான இடம். புதுக் கட்டடம். ஒராளுக்குக் கிழமைக்குச் சராசரி 3,500 பவுண் அரசாங்கப் பணம் போனது. 2011 மே 31 அன்று பிபிசியின்ர பனோரமா நிகழ்ச்சியில, நிருபர் ஒருத்தர் அங்க வேலைக்குச் சேந்து ஒளிச்சு எடுத்த படத்தைக் காட்டிச்சினம். ஆக்களை நிலத்தில போட்டு மேல கதிரையை வைச்சு அமத்தினம். உடுப்போட ஒரு பிள்ளையைக் குளிர்தண்ணியில நனைச்சு விட்டினம். நான் அப்ப இந்த வேலைக்கு வரேல்லை, பிறகு எங்கட பயிற்சியில அதைப் போட்டுக் காட்டேக்க பாதியில எழும்பி வெளியில போயிட்டன். 11 பேருக்குத் தண்டனை கிடைச்சது, அதில 6 பேருக்குச் சிறை.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது மற்ற விசயம். அங்க வேலை செய்த டெரி பிரையன் எண்ட மூத்த நேர்ஸ் அதுக்கு முன்னமே நிர்வாகத்துக்கும் எழுதினவர், கண்காணிக்கிற பராமரிப்புத் தர ஆணையத்துக்கும் அறிவிச்சவர். நடவடிக்கை இல்லை. தாய் தேப்பன் பாக்க வந்தால் அவையளைப் பிள்ளையின்ர படுக்கையறைக்கு விடுறேல்லை. வரவேற்பறையில வைச்சுக் காட்டி அனுப்புறது. காசு இருந்தது, கட்டடம் இருந்தது, சட்டம் இருந்தது, இன்ஸ்பெக்டர்மார் இருந்தவை. உள்ளுக்கு நடக்கிறதைப் பாக்கத்தான் ஒருத்தரும் இருக்கேல்லை.

அதாலதான் சொல்லுறன், முதல்ல படுக்கையறையைக் காட்டச் சொல்லுங்கோ. மகன் படுக்கப்போற கட்டில், அவன்ர உடுப்பு வைக்கப்போற அலுமாரி, அவன் போகப்போற கக்கூஸ். "அது இப்ப காட்ட ஏலாது" எண்டால் கும்பிட்டுப்போட்டு வாங்கோ.

இரண்டாவது: அங்க இருக்கிற ஆரையாவது ஒராளைப் பாருங்கோ. மனேஜரிட்டக் கேக்காதேங்கோ, பக்கத்தில நிக்கிற வேலையாளிட்ட "இவரைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. "நல்லவர், கரைச்சல் இல்லை" எண்டு மட்டும் சொன்னால் அவைக்கு அவரைத் தெரியாது. "இடி இடிச்சால் பயப்பிடுவார், தேத்தண்ணி ஆறினால் குடிக்கமாட்டார், தங்கச்சி வெள்ளிக்கிழமை போன் எடுப்பா, வியாழனே காத்துக்கொண்டிருப்பார்" எண்டு சொன்னால் அங்க ஆரோ அவரோட வாழினம்.

பூண்டு உரிச்ச அந்தப் பிள்ளை திட்டினது எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, ஐயா. பயம் இருக்கிற இடத்தில திட்டமாட்டினம்.

உறையூர்க்காரர்

நெல்லியடி அம்மா, மிக்க நன்றி. நாலு இடத்திலும் படுக்கையறையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று இடத்தில் ஆபீஸ் அறையோடு திரும்பிவிட்டோம். கொங்குத்தங்கை சொன்ன கரும்பலகை இரண்டாவது ஹோமில் இருந்தது. அதைப் பார்த்து, நாலு பேர் ஆதரவு உள்ள இடம் என்று சந்தோஷப்பட்டேன்.

முன்னாள் வார்டன்

நான் பேரன்ட் இல்லை. இங்க எழுதலாமான்னு தெரியல. ஒரு ஹோம்ல நாலு வருஷம் வேலை பாத்தவன். அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்லணும்.

மாசம் 9,000 சம்பளம். சாப்பாடு, தங்க இடம் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு கிரில் கேட்டைப் பூட்டினா காலை ஆறு மணி வரைக்கும் 22 ஆம்பளைங்களுக்கு நான் ஒருத்தன். அதுல ஏழு பேருக்கு ஃபிட்ஸ். மூணு பேர் தூங்கவே மாட்டாங்க. சாவி என் இடுப்புல இருக்கும். தீப்பிடிச்சா என்ன பண்ணணும்னு எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் பத்தாவது ஃபெயில். அதுக்கு முன்னாடி லோடுமேன். ட்ரெயினிங்னா முத நாள் பழைய வார்டன் அரை மணி நேரம் சுத்திக் காட்டினதுதான்.

ஒரு நாள் அங்க இருந்த ஒருத்தர் ஒரே ராத்திரியில மூணாவது தடவை படுக்கையில போயிட்டார். அம்பது வயசு இருக்கும் அவருக்கு. நான் அதுக்கு முந்தின நாளும் டபுள் டியூட்டி. கன்னத்துல அறைஞ்சுட்டேன். அவர் அழல. சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டார். காலையில எப்பவும்போல டீ வரிசைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தார். நான் யாருகிட்டயும் சொல்லல, அவரால சொல்ல முடியல. அடுத்த மாசம் வேலையை விட்டுட்டேன். இது நடந்து ஆறு வருஷமாச்சு, இன்னிக்குத்தான் எழுதறேன்.

நான் நியாயப்படுத்தல. அடிச்சது தப்புதான். ஆனா ஹோம் பாக்கப் போறவங்க ஏசி இருக்கா, யோகா இருக்கான்னு கேட்டாங்க, ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள்னு அந்த நாலு வருஷத்துல ஒருத்தர்கூட கேக்கல. சார், அதைக் கேளுங்க. ஒவ்வொரு வார்டனும் எத்தனை மாசமா இருக்காங்கன்னு கேளுங்க. எல்லாரும் ஆறு மாசத்துக்குள்ள வந்தவங்கன்னா, உங்க பையனுக்கு எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அங்க யாருக்கும் தெரியாது.

ராஜம்மாள்60

இதைப் படிச்சிட்டு எனக்கு கை நடுங்குது. இதுக்குத்தான் நான் சொன்னேன். அந்த மனுஷனுக்கு நியாயம் யார் கேட்டா?

சட்டப்படி

வார்டன் தம்பி எழுதியதற்கு நன்றி. எழுதுவதற்கே துணிவு வேண்டும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன், பலருக்கும் தெரிவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 50ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தை யாரும் நடத்தக்கூடாது. சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. டிரஸ்ட் பதிவு, நன்கொடை வரிச்சலுகைக்கான 80ஜி சான்றிதழ் இரண்டையும் பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், அவை இது அல்ல. எந்த ஆண்டு வரை செல்லும் என்ற தேதியையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

7ஆம் பிரிவு: கொடுமை நடக்கிறது, நடந்தது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம், அதாவது கோட்டாட்சியர் (ஆர்டிஓ) போன்ற அதிகாரியிடம், தகவல் கொடுக்கலாம். பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போதும், வேலை பார்ப்பவரும் கொடுக்கலாம். 92ஆம் பிரிவு: பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவோ தண்ணீரோ மறுத்தாலும் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

இன்னொன்று, பெற்றோர்களே தவறவிடுவது. பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் நீங்கள் தானாகவே அவருடைய சட்டக் காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். காப்பாளரானவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஹோம் நடத்துபவர்களையே காப்பாளராகப் போட்டுவிடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். சட்டத்தில் நிறுவனமும் காப்பாளராக வழி இருக்கிறது, ஆனால் பராமரிப்பவரும் அவரைக் கேள்வி கேட்க வேண்டியவரும் ஒருவரே ஆகிவிடுவார்கள். முடிந்தவரை வெளியில் ஒருவர் இருக்கட்டும்: தம்பி மகன், சித்தி, குடும்ப நண்பர், யாராவது.

சிறுவீடு

நான் எட்டு பேருக்கு ஒரு வீடு நடத்துகிறேன். என் தங்கையும் அந்த எட்டில் ஒருத்தி. எல்லோரும் ஹோமைக் குறை சொல்வதைப் படித்துக்கொண்டு வந்தேன். குறை உண்மைதான். கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.

எங்கள் வீட்டில் பகலில் மூன்று பேர், இரவில் இரண்டு பேர். இரவில் ஒருவர் விழித்திருப்பார், ஒருவர் தூங்குவார். இப்படி வைத்தால் ஒருவருக்கு மாதம் 22,000 ஆகிறது. அரசு பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. அது அந்தப் பிள்ளையின் கணக்குக்கு வருகிறது, பல குடும்பங்களில் அதுதான் அரிசிக்காசு. மீதியை யார் கொடுப்பது? கொடுக்க முடிந்த பெற்றோர் கொடுக்கிறார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு என்ன என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை.

கொங்குத்தங்கை சொன்ன மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி. எங்களுக்கும் வாரம் பத்து போன் வருகிறது, "சாப்பாடு போடணும்" என்று. "சாப்பாடு வேண்டாங்க, இரவு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தில் ஒரு நாள் கூலியைக் கொடுங்கள், 600 ரூபாய்தான்" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். சம்பளத்துக்குக் கொடுத்தால் புண்ணியம் இல்லை என்று நம் ஊரில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சோறு போடுவதுதான் தர்மம். நான்கு மணி நேரம் தூங்காமல் உட்கார்ந்து ஒருவனின் வலிப்பைப் பார்த்துக்கொள்வதும் தர்மக்கணக்கில் சேர வேண்டும். வார்டன் தம்பிக்கு அன்று இரவு இன்னோர் ஆள் துணை இருந்திருந்தால் அந்த அடி விழுந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

கொங்குத்தங்கை

சிறுவீடு அண்ணா, சிசிடிவி வெச்சிருக்கீங்களா? எங்கண்ணன் இப்ப இருக்கற இடத்துல வெக்கச் சொல்லி நாங்க நாலஞ்சு குடும்பம் கேக்கறோம்.

சிறுவீடு

வாசல், வராந்தா, சமையலறையில் இருக்கிறது. படுக்கையறையில் வைக்க மாட்டேன். என் தங்கை உடை மாற்றுவதை யாரோ ஒருவர் போனில் பார்க்க முடியும் என்றால் அது பாதுகாப்பு ஆகாது. அதற்குப் பதிலாக யார் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரவு பத்து மணிக்கு வந்த பெற்றோரும் உண்டு. எரிச்சல் வரும்தான், ஆனாலும் கதவைத் திறந்துவிடுவோம்.

கொங்குத்தங்கை

எனக்கு முழுசா ஒப்புக்க முடியலீங்க. பேசத் தெரியாதவங்களுக்கு வேற சாட்சி எது? வார்டன் அண்ணா எழுதுனதைப் படிச்சப்புறம் இன்னும் அப்படித்தான் தோணுது. ஆனா பொண்ணுங்க விஷயத்துல நீங்க சொல்றது சரி.

இன்னொண்ணும் சொல்லணும். முத ஹோம்ல கடைசி வருஷம் அண்ணன் எப்பப் போனாலும் தூங்கிட்டே இருப்பான். வாயில எச்சில் ஒழுகும். கை லேசா நடுங்கும். "இப்ப நல்லா அமைதியாயிட்டான் மேடம்"னு சந்தோஷமாச் சொன்னாங்க. மாத்திரைச் சீட்டைக் கேட்டா ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க. கடைசியில பாத்தா, மனநோய்க்குக் கொடுக்கற மாத்திரை, அதும் ரெண்டு வகை. மாசம் ஒரு தடவை வர்ற டாக்டர் ஒரே நாள்ல அத்தனை பேருக்கும் எழுதிட்டுப் போயிருக்கார். வெளியில வேற டாக்டர்கிட்டக் காட்டி, கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சு நிறுத்த எட்டு மாசம் ஆச்சு. இப்ப சிரிக்கறான், சத்தம் போடறான், டிவி ரிமோட்டுக்கு சண்டை போடறான். எனக்கு அந்தச் சத்தம் வேணும்.

நெல்லியடி

தங்கச்சி எழுதினது இஞ்சயும் பெரிய பிரச்சினை. மனநோயே இல்லாமல் அல்லது தேவையான காரணம் இல்லாமல் 30,000 தொடக்கம் 35,000 வரையான அறிவுசார் குறைபாடு உள்ளவை இங்கிலாந்தில தினமும் இந்த மாதிரிக் குளிசை எடுக்கினம் எண்டு 2015இல ஒரு அரசாங்க நிறுவனமே மதிப்பிட்டுச் சொன்னது. அடுத்த வருசமே அதைக் குறைக்க எண்டு தனி இயக்கம் தொடங்கிச்சினம். ஆனால் ஒண்டு, ஆரும் திடீரெண்டு தாங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ. தங்கச்சி செய்த மாதிரி டொக்டரோடதான் குறைக்க வேணும். வலிப்புக் குளிசையும் அதுக்குள்ள கலந்திருக்கும்.

உறையூர் ஐயா, மகனுக்கு வலிப்பு எண்டு எழுதினனீங்கள். அதுக்காக இதைச் சொல்லியே ஆகவேணும். 2013 ஜூலை 4 அன்று ஒக்ஸ்போர்ட்டில கொனர் ஸ்பாரோஹோக் எண்ட 18 வயசுப் பிள்ளை குளியல் தொட்டிக்குள்ள வலிப்பு வந்து மூழ்கிச் செத்துப்போச்சு. அது வீதியில நடக்கேல்லை, அரசாங்கத்தின்ர சிகிச்சை நிலையத்துக்குள்ள. வலிப்பு இருக்கெண்டு தாய் சொல்லியிருந்தவ. தாயும் குடும்பமும் விடாமல் கேட்டுக் கேட்டு, 2018இல அந்த நிர்வாகத்துக்கு 20 லட்சம் பவுண் தண்டம் விதிச்சினம், அதில இன்னொரு பெண்ணின்ர சாவும் சேந்தது. தண்டத்தால பிள்ளை வராது.

உங்கட ஊரில தொட்டி இல்லை, வாளித் தண்ணி. ஆனாலும் கேளுங்கோ: குளிக்கேக்க ஆர் நிப்பினம்? கதவுக்கு வெளியிலயா, உள்ளயா? வலிப்பு வந்தால் எத்தினை நிமிசம் எண்டு மணிக்கூடு பாத்து எழுதுவினமா? ஐஞ்சு நிமிசத்துக்கு மேல போனால் அவை என்ன செய்வினம்? பதில் யோசிக்காமல் வரவேணும்.

இன்னொண்டு, கதைக்க வெக்கப்படுற விசயம். மலம். ரிச்சர்ட் ஹான்ட்லி எண்டு 33 வயசு மனுசன், டவுன் சின்ட்ரோம் உள்ளவர், 2012இல மலச்சிக்கல் முத்திச் செத்தவர். அவருக்குச் சின்ன வயசில இருந்து அந்தப் பிரச்சினை இருந்தது எல்லாருக்கும் தெரியும். நாங்கள் வேலை செய்யிற வீட்டில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் இருக்கு. எப்ப போனவர், எப்பிடிப் போனவர் எண்டு ஒவ்வொரு நாளும் எழுதுவம். மலம் இறுக்கமோ இளக்கமோ எண்டு காட்டுற ஏழு படம் உள்ள அட்டை ஒண்டு சுவரில ஒட்டியிருக்கும், அதைப் பாத்து இலக்கம் போடுறது. மூண்டு நாள் போகேல்லை எண்டால் அடுத்து வேலைக்கு வாற ஆளுக்குச் சொல்லவேணும். வயித்துக்குத்தைச் சொல்லத் தெரியாத ஆள் என்ன செய்வார்? தலையைச் சுவரில அடிப்பார், பக்கத்தில இருக்கிறவரைக் கடிப்பார். உடன "முரட்டுத்தனம்" எண்டு எழுதி அந்தக் குளிசையைக் குடுப்பினம். அந்தக் குளிசையிலயும் சிலது மலத்தை இன்னும் இறுக்கும்.

ஹோமில போய், "மலம் போனதை எங்க எழுதுறனீங்கள்?" எண்டு கேளுங்கோ. சிரிப்பினம். சிரிக்கட்டும்.

உறையூர்க்காரர்

அம்மா, இதைப் படித்துவிட்டு ராத்திரி நானும் வீட்டம்மாவும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். 192 பக்க நோட்டு. அவனுக்கு வயிறு வலித்தால் இடது கையின் பின்பக்கத்தைக் கடிப்பான். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ஃபிட்ஸ் வருவதற்கு முன்னால் "ரயிலு, ரயிலு" என்பான். பணிமனைச் சங்கு ஊதினால் நான் வருவேன் என்று சின்ன வயதில் வாசலில் நிற்பான், அதிலிருந்து வந்த வார்த்தை. குடையைக் கண்டால் பிடிக்காது. ரசம் சாதத்தில் கருவேப்பிலை இருந்தால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பான், அதைத் தட்டிவிட்டால் சாப்பாட்டையே விட்டுவிடுவான். இதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று முதலில் தோன்றியது. இரவு ஒரு மணிக்கு 31 பக்கம் ஆகியிருந்தது. அவள் அழுதுவிட்டாள்.

ராஜம்மாள்60

எழுதணும்னு எனக்கும் தோணுது. ஆனா என் மகளுக்கு என்ன பிடிக்கும்னு யோசிச்சா, எனக்குத் தெரிஞ்சது வீட்டுக்குள்ள இருக்கறதுதான்.

கொங்குத்தங்கை

ராஜம்மாள்மா, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். கடைசியா அவங்க எப்ப தெருவுல இறங்கி நடந்தாங்க?

ராஜம்மாள்60

கோபமில்லைம்மா. கொரோனாவுக்கு முன்னாடி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். அப்புறம் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு, மாடிப்படி இறங்க முடியலை. அவ ஜன்னல்லதான் உக்காந்திருப்பா. பால்காரர், இஸ்திரிக்காரர் எல்லாரும் அவளுக்குக் கையாட்டிட்டுப் போவாங்க. நீ கேட்டப்புறம்தான் கணக்குப் போட்டேன். நானும் பூட்டித்தான் வெச்சிருக்கேன். அன்பா பூட்டி வெச்சிருக்கேன், அவ்வளவுதான்.

பக்கத்துல பகல்ல மட்டும் கூட்டிட்டுப் போற இடம் ஏதாவது இருக்கா, யாருக்காவது தெரியுமா? நான் தாம்பரம் பக்கம்.

சட்டப்படி

அம்மா, இருக்கிறது. தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற அமைப்புகளின் பட்டியலில் பகல்நேர மையங்களும் உண்டு. மாவட்ட அலுவலகத்திலும் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவற்றைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடும் இருக்கிறதா? நிராமயாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். இல்லையென்றால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முன்னாள் வார்டன்

ராஜம்மாள்மா, நீங்க கேட்டது சரிதான், அவருக்கு யாரு நியாயம் கேட்டாங்கன்னு. போன வாரம் அந்த ஹோமுக்குப் போனேன். அவர் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி நிமோனியாவுல போயிட்டாராம். அவர் படுத்த கட்டில்ல வேற ஆள். ராத்திரிக்கு இப்பவும் ஒரு ஆள்தான். அதை எழுதி ஆர்டிஓ ஆபீஸ்ல மனு கொடுத்திருக்கேன், ஏழாம் பிரிவுன்னு சட்டப்படி சார் சொன்னதைப் போட்டு. என் பேரைப் போட்டே கொடுத்தேன், நான் செஞ்சதையும் சேத்து எழுதிட்டேன்.

உறையூர்க்காரர்

தம்பி, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மனு என்ன ஆகிறது என்பதை இங்கே எழுதுங்கள்.

எங்கள் பக்கம் நடந்தது: பூண்டு உரித்த வீட்டுக்கு மறுபடி போனோம். செவ்வாய்க்கிழமை, இரவு ஏழரை மணிக்கு, சொல்லாமல். கேட் பூட்டியிருந்தது, இரண்டு நிமிடத்தில் திறந்தார்கள். படுக்கையறையைக் காட்டினார்கள். ஒன்பது கட்டில், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு டிரங்குப் பெட்டி, பெட்டிமேல் பெயர். பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லி ரசீது காட்டினார்கள். இரவுக்கு ஒருவர் மட்டும். மலம் எழுதும் தாள் இல்லை. கேட்டபோது சிரிக்கவில்லை, "எப்படி எழுதணும் சார்?" என்று அந்த அம்மா கேட்டார். நெல்லியடி அம்மா சொன்ன ஏழு படத்தை என் போனில் காட்டினேன். அவர் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

வெள்ளி முதல் ஞாயிறு வரை மகனை அங்கே விட்டுப் பார்த்தோம். முதல் ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அம்மா என்று ஒரு மணி நேரம் கூப்பிட்டிருக்கிறான். சனிக்கிழமை மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறான். கருவேப்பிலையை அடுக்கினானா என்று கேட்டேன். "அடுக்கினார் சார், பதினாலு" என்றார். ஞாயிறு காலை போனபோது ஷேவ் பண்ணாமல் இருந்தான். பிளேடு வைக்க அந்த அம்மாவுக்குப் பயமாக இருந்ததாம், ஃபிட்ஸ் வருமோ என்று. அதை நேராகச் சொன்னார். என்னைக் கண்டதும் ஓடி வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டான், ஆட்டோவில் ஏறும்வரை விடவில்லை.

முடிவு எடுக்கவில்லை. இரவுக்கு இன்னோர் ஆள் போட்டால் ஆகும் செலவில் பாதியை நாங்கள் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். என் பென்ஷனில் அதற்குமேல் முடியாது. மீதிப் பாதிக்கு அங்கே இருக்கும் மற்றக் குடும்பங்களைக் கேட்க வேண்டும். அவர்களில் பலரும் வருவதே இல்லையாம்.

பாலக்கரை அம்மா

சார், நான் புதுசு. ரெண்டு நாளா இந்த இழையைப் படிச்சிட்டிருக்கேன். என் பொண்ணு அந்த வீட்டுலதான் இருக்கா. பூண்டு உரிச்சவ அவதான்னு நெனைக்கிறேன், திட்டிட்டே வேலை செய்யறது அவ பழக்கம். நாங்க மாசம் ஒரு தடவைதான் போறோம், அதும் போன் பண்ணிட்டுத்தான் போவோம். இரவு ஆள் செலவுல எங்க பங்கு தர்றோம். இன்னும் ரெண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும், நான் பேசறேன். இந்த ஞாயிறு காலையில பத்து மணிக்கு அங்க வர்றீங்களா? அந்த அட்டையை பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்துடறேன்.